மூத்திரச் சுவரும் பதினோரு சாமிகளும்

ரோஸ்லின் டீச்சர் குடையை மடக்கி, அதன் நுனியால் எங்கள் ஆபீசின் பின்பக்கச் சுவரைச் சுட்டிக் காட்டிக்கொண்டு நின்றார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் பொட்டுப் பொட்டாய்த் தண்ணீர். அதைத் துடைக்கக்கூட இல்லை. அவ்வளவு கோபம்.

எதிரே எங்கள் ஆபீசர் குருநாதன் சார், செருப்பில்லாத காலைச் சேற்றில் ஊன்றி நின்றார். சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். அவருக்குப் பின்னால் கிளார்க் வேலுச்சாமி அண்ணன். எல்லாருக்கும் பின்னால் விளக்குமாற்றோடு நான்.

"இது யாரு சார்?" என்றார் டீச்சர்.

"மாதா."

"எதுக்கு இங்கன நிக்கிறாக?"

சார் வேலுச்சாமி அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்.

"நானே சொல்றேன். ஆம்பளைக இந்தச் சுவத்துல ஒண்ணுக்குப் போயிரக் கூடாதுன்னு எங்க மாதாவ வாட்ச்மேனா போட்டிருக்கீக. சம்பளம் கெடையாது, லீவு கெடையாது. நான் காலமெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவ. எம்புட்டு சேட்டை பண்ணாலும் ஒரு பிள்ளையக்கூட கக்கூஸ் வாசல்ல நிக்க வச்சதில்ல."

சார் குனிந்து பார்த்தார். மாதாவுக்குப் பக்கத்தில் பிள்ளையார். பிள்ளையாருக்குப் பக்கத்தில் பச்சைக் குவிமாடத்தோடு ஒரு பள்ளிவாசல். அதற்கு அடுத்து, சார் கழுத்து டாலரில் இருந்த அதே ஐயப்பன். ஐயப்பனின் முழங்காலில் யாரோ வெற்றிலை துப்பிய சிவப்புக் கோடு.

சார் முகம் மாறியது. மாதா வாட்ச்மேனாக நின்றவரை அது வெறும் மனு. ஐயப்பன் நின்றபோதுதான் அது பிரச்சினை.

"யார் ஒட்டினது இதெல்லாம்?"

வேலுச்சாமி அண்ணன் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இவுக அம்மா சார்."

போன வாரம் இந்தப் பத்தியில் அம்மாவின் பதினாறாம் நாளைப் பற்றி எழுதியதில் அழுதுவிட்டதாகச் சிலர் எழுதியிருந்தீர்கள். அதனால் இந்த வாரம் மூத்திரத்தைப் பற்றி எழுதுகிறேன்.

எந்த ஆபீஸ் என்று மட்டும் கேட்காதீர்கள். சிவகாசியிலிருந்து எம். புதுப்பட்டிப் பக்கம் போகிற வழியில் எங்கேயோ ஓர் அரசாங்க ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர்களையும் மாற்றிவிட்டேன். சொன்னால் வேலை போய்விடும். அந்த வேலை போகாமல் இருக்க நான் பட்ட பாடுதான் இது.

எந்தக் கம்பெனி?

எங்கள் பக்கம் ஒருவர் செத்துவிட்டார் என்றால், துக்கம் கேட்க வருபவர்களின் முதல் கேள்வி "எந்தக் கம்பெனி?" என்பதுதான். எந்தப் பட்டாசு ஆலை வெடித்தது என்று அர்த்தம். அம்மா செத்தபோதும் அதையே கேட்டார்கள்.

"கம்பெனி இல்ல. சுகர்" என்று சொல்வேன்.

கேட்டவர் முகத்தில் சின்னதாய் ஓர் ஏமாற்றம் தெரியும். அடுத்து என்ன கேட்பதென்று தெரியாமல் காபியை ஆற்றுவார்கள்.

அம்மா பெயர் பாக்கியம். அந்த ஆபீசில் பெருக்குகிற வேலை. நான் எட்டாவதோடு நின்றவள். வீட்டில் உட்கார்ந்து பட்டாசுப் பெட்டி ஒட்டினேன். வயசு வந்ததும் நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசு ஆலைக்கு வேனில் ஏறினேன். காலையில் தெருமுனைக்கு வேன் வந்து ஒரு ஆரன் அடிக்கும். அடித்த பிறகு அம்மா அடுப்படியில் எதையும் சத்தமாக வைக்க மாட்டாள். அவள் ஆபீசுக்குக் கிளம்பும்வரையும், சாயங்காலம் திரும்பி வந்து நான் இறங்கும்வரையும் அப்படித்தான் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாளில் அம்மா மூன்று தடவை பேசினாள். முதல் தடவை, "வேன்ல ஏறாத." இரண்டாவது தடவை, "ஏறாதத்தா." மூன்றாவது தடவை பக்கத்துக் கட்டில் நோயாளியைப் பார்த்து, ரசத்தை மூடி வைக்கச் சொன்னாள்.

முதல் இரண்டைத்தான் நான் கடைசி வார்த்தை என்று எல்லாரிடமும் சொல்வது.

அம்மா இடத்தில் என்னைத் தற்காலிகமாகப் போட்டார்கள். ஆபீசர் நல்லபடியாக அறிக்கை எழுதி மேலே அனுப்பினால் அந்த வேலை எனக்கு நிற்கும். இல்லாவிட்டால் தை பிறந்ததும் வேன்.

ரெஜிஸ்டர் தப்பிய சாமிகள்

சாமிகள் சுவருக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

சிவகாசியில் காலண்டர் சாமி ஒரே தடவையில் பிறப்பதில்லை. அச்சில் நான்கு நிறமாகப் பிரிந்து வருவார். நான்கும் ஒன்றின் மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தால் சாமி. பிசகினால் வேஸ்ட். அதை ரெஜிஸ்டர் தப்பியது என்பார்கள்.

அச்சகத்தில் வேலை பார்க்கும் என் சித்தி, அந்த வேஸ்ட் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவருவாள். அலமாரியில் விரிக்க, புத்தகத்துக்கு அட்டை போட. எங்கள் வீட்டு முருகனுக்கு வேல் கையில் இருக்காது. அரை அங்குலம் தள்ளி அந்தரத்தில் நிற்கும். லட்சுமிக்கு நான்கு கண். எனக்குப் பத்து வயசுவரை லட்சுமி என்றாலே நான்கு கண் என்றுதான் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் அப்படியே வரைந்து அடியும் வாங்கினேன்.

ஆபீசின் பின்சுவரை ஆண்கள் விட்டுவைப்பதில்லை. மனுக் கொடுக்க வருகிறவர், கூட வருகிறவர், சும்மா வருகிறவர், எல்லாரும் அங்கேதான். காலையில் அம்மா பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றுவாள். பினாயில் வாடையும் அந்த வாடையும் சேர்ந்து, அவள் வீட்டுக்கு வந்த பிறகும் சேலையில் இருக்கும்.

ஒருநாள் சித்தியிடம் தாள் வாங்கி, மைதாப் பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்து, மூன்று படம் ஒட்டினாள். பிள்ளையார், மாதா, பள்ளிவாசல். மேலே வார்னிஷ் அடித்தாள்.

ஆண்கள் மூன்று படத்தையும் விட்டுவிட்டு, நடுவில் இருந்த இடைவெளிகளில் போனார்கள்.

அம்மா இடைவெளியை அடைத்தாள். அவர்கள் தள்ளிப் போனார்கள். அம்மாவும் தள்ளி ஒட்டினாள். இப்படியே சுவர் முடிகிற இடம்வரை பதினோரு சாமி வந்துவிட்டது. பக்தியால் வந்த எண்ணிக்கை இல்லை. சுவரின் நீளம்.

அதன் பிறகு வேறு தொல்லை. ஒருவர் வந்து, "ஏத்தா பாக்கியம், எங்க சாமி மட்டும் ஏன் பதிஞ்சு இருக்கு, அவுக சாமி ஒசந்து இருக்கு?" என்று கேட்டார். மறுநாள் அவுக ஆட்கள் நாலு பேர் வந்தார்கள். அம்மா தையல் டேப்பை எடுத்துவந்து எல்லார் முன்னாலும் அளந்தாள்.

"எல்லாச் சாமியும் தரையில இருந்து ரெண்டரை அடி. ஏத்த எறக்கம் கெடையாது. யாருக்குச் சந்தேகமோ குனிஞ்சு அளந்து பாத்துக்கிருங்க."

குனிந்தால் வாடை வரும். யாரும் குனியவில்லை.

ஒவ்வொரு மழைக்கும் படம் ஊறும். அம்மா பழசின் மேல் புதுசு ஒட்டுவாள். அப்படியே வருஷங்கள் போயின. எத்தனையோ ஆபீசர் வந்து போனார்கள். ஒருவரும் கேட்டதில்லை. ரோஸ்லின் டீச்சர் பட்டா மாற்ற வந்த அன்றைக்குத்தான், மழைக்குப் பின்பக்கம் ஒதுங்கி, மாதாவைப் பார்த்துவிட்டார்.

சாமி வேண்டும் என்று ஒரே ஒருவர்

சார் எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார்.

"அரசாங்கம் வேற, சாமி வேற. ஒண்ணோட ஒண்ணு கலக்கக் கூடாது. நானே மாலை போட்டிருக்கேன். ஆனா இந்த வாசப்படி தாண்டிட்டா நான் சாமி கிடையாது, சார். அப்படித்தானே உங்களைக் கூப்பிடச் சொல்லியிருக்கேன்?"

"ஆமா சார்" என்றோம்.

"அப்ப சுவத்துல மட்டும் எதுக்கு? எல்லாத்தையும் எடுத்துடுங்க."

எதிர்த்துப் பேசியது ஒரே ஆள். வேலுச்சாமி அண்ணன். அவருக்குச் சாமியே கிடையாது. கல்யாணத்தில்கூட ஐயர் இல்லாமல் மாலை மட்டும் மாற்றிக்கொண்டவர். பெயரில் சாமி இருப்பதையே அப்பா செய்த தப்பு என்பார்.

"படம் இருக்கட்டும் சார்" என்றார்.

"நீங்களா சொல்றீங்க?"

"என் சன்னல் அந்தச் சுவத்துக்கு நேரா இருக்கு சார். பகுத்தறிவு வேற, மூக்கு வேற."

"சாமிக்குப் பயந்து சுத்தமா இருக்கிறது ஒரு சுத்தமா?"

"பயந்தாவது இருக்கட்டும் சார். பயப்படாதவன் பக்கத்துல நான் உக்காந்து பாத்திருக்கேன்."

டீச்சர் இடையில் சொன்னார்: "வேலுச்சாமி, ஒனக்கு நம்பிக்க இல்ல, அதனால நீ வேணுங்கிற. எனக்கு நம்பிக்க இருக்கு, அதனால வேணாங்கிறேன். சாமிய மதிக்கிறவக யாரும் அவுகள இந்த வேலைக்கு வைக்க மாட்டாக."

சார் டீச்சர் பக்கம் நின்றார். தீர்ப்பு ஆகிவிட்டது. இப்போது யார் எடுப்பது?

சார் வேலுச்சாமி அண்ணனைப் பார்த்தார். "உங்களுக்குத்தான் நம்பிக்கை இல்லையே. நீங்க எடுங்க."

"நான் எடுத்தா, வேணும்னே கிழிச்சான்னு சாயங்காலமே ஊரு கூடிரும். நம்பிக்கை இருக்கிறவுக எடுத்தாத்தான் பிரச்சினை இல்ல. நீங்களே எடுங்க சார்."

"மாலை போட்டுக்கிட்டு நான் எப்படிங்க சாமி படத்துல கை வைக்கிறது?"

இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

வெந்நீர் போட்டு, துணியால் நனைத்து நனைத்து, ஓரத்திலிருந்து உரித்தேன். அம்மா காய்ச்சிய பசை லேசில் விடவில்லை. ஒரு சாமிக்குக் கீழே ஐந்தாறு சாமி, ஒரு கனத்த அட்டையைப் போல வந்தன. திருப்பிப் பார்த்தால் பசை காய்ந்த இடமெல்லாம் நான்கு விரல் இழுத்த தடம். சுண்டுவிரல் தடம் மட்டும் வளைந்திருந்தது. அம்மாவுக்கு அந்த விரல் சின்ன வயசில் ஒடிந்து கோணலாகக் கூடியது.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சன்னல் வழியாக வேலுச்சாமி அண்ணன் எட்டிப் பார்த்தார். "அழாதத்தா. சாமியெல்லாம் சும்மா. ஒண்ணும் செய்யாது" என்றார்.

மாதாவை டீச்சர் பாலித்தீன் பையில் சுற்றி எடுத்துப் போனார். பள்ளிவாசலை டீக்கடை பாய் வாங்கிக்கொண்டார். ஐயப்பனை சார் கண்ணில் ஒற்றி, காரின் பின்சீட்டில் வைத்தார். மற்றவை கோயில் மரத்தடிக்குப் போயின. நான்கு கண் லட்சுமியை யாருமே கேட்கவில்லை. கடைசியில் வேலுச்சாமி அண்ணன் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"வீட்டுல அவ கேப்பா" என்றார். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

அருவி

மறுநாளே சுவர் நனைந்தது. நான்கு நாளில் பழைய வாடை திரும்பிவிட்டது. வேலுச்சாமி அண்ணன் சன்னலைச் சாத்திவிட்டு வேர்த்தார்.

சார் என்னைக் கூப்பிட்டார்.

"மாரி, தை பொறக்கிறதுக்குள்ள உன் வேலையைப் பத்தி நான் எழுதி அனுப்பணும். பெருக்குறது நல்லா இருக்கு. ஆனா சுவர் நாறினா நான் என்னன்னு எழுதறது? மேல இருந்து வந்து பாப்பாங்க. சாமி இல்லாம அந்தச் சுவரைக் காப்பாத்திக் காட்டு. நான் எழுதித் தரேன்."

அவரும் ஒரு விதத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். சாமியை எடுத்ததால் நாறுகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அரசாங்கத்தால் ஒரு சுவரைத் தனியாகக் காப்பாற்ற முடியும் என்று அவர் காட்ட வேண்டும். நான் வேனில் ஏறாமல் இருக்க வேண்டும். இருவருக்கும் ஒரே சுவர்.

முதலில் சார் சொல்லச் சொல்ல போர்டு எழுதினோம். "இவ்விடத்தில் சிறுநீர் கழிப்பது தண்டனைக்குரிய குற்றம்." மறுநாள் காலையில் போர்டு காலடியிலேயே ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

"போர்டு படிக்கலையா?" என்றேன்.

"கண்ணாடி கொண்டாரலத்தா" என்றார், நிறுத்தாமல்.

பிறகு வேலுச்சாமி அண்ணன், தலைவர்கள் படம் ஒட்டலாம் என்றார். எந்தத் தலைவர் என்று சார் கேட்டார். ஒரு கட்சித் தலைவரை ஒட்டினால் மற்றக் கட்சிக்காரன் வேலை மெனக்கெட்டு வந்து போவான் என்று அவரே யோசித்து, அவரே விட்டுவிட்டார்.

சித்தியிடம் கேட்டேன். காலண்டர் சீசன், வேஸ்ட் தாளுக்குப் பஞ்சமில்லை. "சாமியும் இல்லாம, கட்சியும் இல்லாம ஒரு படம் வேணும் சித்தி" என்றேன். அவள் ஒரு கட்டு முழுக்கத் தேடினாள். தாமரையை எடுத்து வைத்தாள், கட்சி. சூரியன், கட்சி. இலை, கட்சி. மலை என்றால் மேலே ஒரு கோயில் தெரிந்தது. கடைசியில் அருவி கிடைத்தது. எங்கிருக்கிற அருவியோ, சுற்றிலும் ஒரு மனுசனும் இல்லை, கோபுரமும் இல்லை.

ஆறு அருவி ஒட்டினேன்.

அன்றைக்கு வரிசை நின்றது. வழக்கமாக வராதவர்கள்கூட வந்தார்கள். ஒரு பெரியவர் வெட்கத்தோடு சொன்னார்: "எனக்கு வரவே இல்லத்தா. டீ குடிக்கத்தான் வந்தேன். இதப் பாத்த ஒடனே வந்துருச்சு."

அருவியைக் கிழித்துவிட்டுக் குழந்தைப் படம் ஒட்டினேன். கொழுகொழுவென்று, கன்னத்தில் மை வைத்த குழந்தைகள். ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார். "எங்க கடைக்குட்டி மாதிரியே இருக்கான்" என்றார்.

கடைசியில் நானே விளக்குமாற்றோடு காவல் நின்றேன். அரை நாள் நன்றாகத்தான் இருந்தது. பிறகு நாரணாபுரத்து ஆள் ஒருவர் வந்து, கொஞ்ச நேரம் நின்று, நெளிந்து, மரியாதையாகக் கேட்டார்.

"கொஞ்சம் அங்கிட்டுத் திரும்பிக்கத்தா."

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. திரும்பிக்கொண்டேன்.

பிஸ்கட் டப்பா

அறிக்கையோடு வைக்க அம்மாவின் பழைய வேலை ஆர்டர் வேண்டும் என்று சார் கேட்டார். அது அம்மாவின் பிஸ்கட் டப்பாவில் இருக்கும். அம்மா போன நாளிலிருந்து நான் அதைத் திறக்கவில்லை. திறந்தால் அவள் போடும் பாக்கு வாசனை வந்துவிடும் என்று பயம்.

வந்தது.

உள்ளே ஆர்டர், சுகர் மாத்திரைச் சீட்டு, என் பால்பல் ஒன்று, அதன் கீழே ஒரு பித்தளைச் சாவி. சாவியில் ஓர் அட்டை கட்டியிருந்தது. அட்டையில் வேலுச்சாமி அண்ணனின் குண்டுக் கையெழுத்து: "பொதுமக்கள் கழிப்பறை."

எங்கள் ஆபீசுக்குப் பின்னால், வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம், இரண்டு கதவு வைத்த ஒரு சின்னக் கட்டடம் உண்டு. பழைய ரெக்கார்டு ரூம் என்று அம்மா சொல்லியிருந்தாள். போகப் போக ஊரும் அப்படியே நினைத்துக்கொண்டது.

சாவியை வேலுச்சாமி அண்ணன் மேசையில் வைத்தேன். அவர் முதலில் சன்னலைச் சாத்தினார்.

"இத இன்னுமா வச்சிருந்தா?"

"என்னண்ணே இது?"

"கட்டி, ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்துட்டுப் போனாக. மறுநா உங்கம்மா என்கிட்ட வந்தா. 'தம்பி, என் ஆர்டர்ல பெருக்குறவன்னுதான் போட்டிருக்கு. இதத் தெறந்தா நாளைக்கே என் கையில பிரஷ்ஷக் குடுத்துருவாக. எனக்கப்புறம் என் மகளையும் அதுக்கே கூப்பிடுவாக. சாவி தொலஞ்சு போச்சுன்னு சொல்லிருவோம்'னா. நான் என்னத்தச் சொல்ல? அவ சொன்னதுல தப்பு இல்ல."

"யாரும் பூட்ட ஒடைக்கலையா?"

"அரசாங்கப் பூட்டுத்தா. ஒடைக்க ஆர்டர் வேணும். ஒவ்வொரு ஆபீசர் வரும்போதும் ஒடைக்க அனுமதி கேட்டு ஃபைல் போகும். அது திரும்பி வர்றதுக்குள்ள ஆபீசர் மாறிருவாரு. நம்ம சார் அனுப்புனதும் இன்னும் வரல."

அப்புறம்தான் அந்தச் சுவரில் சாமி வந்திருக்கிறது. அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையைச் செய்ய ஆளில்லை என்று அம்மா பதினோரு சாமியை வேலைக்கு வைத்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. வேலுச்சாமி அண்ணனும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தோம்.

பிறகு எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது.

ஆண்களுக்காவது சுவர் இருந்தது. மனுக் கொடுக்க வரும் பெண்கள் அடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அம்மாவுக்கோ சுகர். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. மழையிலும் குடை பிடித்துக்கொண்டு கருவேலங்காட்டுக்கு நடந்து போய் வருவாள். ரெண்டு தடவை வழுக்கி விழுந்திருக்கிறாள். சாவி வீட்டில் டப்பாவில் இருந்திருக்கிறது.

ரெண்டு நாள் அந்தச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு திரிந்தேன். கொடுத்தால் சுவர் காயும், அறிக்கை போகும், வேன் இல்லை. ஆனால் அம்மா எதற்காகக் கருவேலங்காட்டுக்கு நடந்தாளோ அந்தப் பிரஷ் என் கைக்கு வந்துவிடும். கொடுக்காவிட்டால் அவள் வைராக்கியம் நிற்கும், நான் வேனில் நிற்பேன். அவள் சொன்ன இரண்டில் எதைக் கேட்பது? ஒன்றை வாயால் சொன்னாள். இன்னொன்றைச் சாவியாக வைத்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை

திங்கட்கிழமை மனு வாங்கும் நாள். கூட்டம் கலைந்ததும் சாரிடம் போனேன். சாவியை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குப் பொய்யைக் கோவையாகச் சொல்ல வராது.

"உங்கம்மா ஒளிச்சு வெச்சிருந்தாங்களா? இத்தனை வருஷமா?"

"ஆமா சார். தெறந்தா அவதான கழுவணும்."

"சரி, போனது போகட்டும். நீ கழுவிடுவ இல்ல?"

"மாட்டேன் சார்."

சார் கண்ணாடியைக் கழற்றினார். "அப்புறம் எதுக்கும்மா சாவியைக் கொண்டு வந்த?"

"எல்லாரும் கழுவுறதா இருந்தாத் தாரேன் சார். ஆபீசுல நம்ம மூணு பேரு. முறை வச்சுக் கழுவுவோம். சர்க்கார் அதுக்குன்னு ஒரு ஆள, நல்ல சம்பளத்தோட, கையொறை கொடுத்துப் போடுற வரைக்கும்."

வேலுச்சாமி அண்ணன் அவர் இடத்திலிருந்து இருமினார். "நானுமாத்தா?"

"நீங்கதானண்ணே எல்லாரும் சமம்னு மேடையில பேசுறீக."

"மேடையில பேசுறேன்" என்றார். காலண்டரைப் பார்த்துவிட்டு, "சரி, செவ்வாக்கெழம எனக்கு" என்றார்.

சார் மாலையை விரலால் உருட்டினார்.

"மாரி, நீ சொல்றது நியாயம். ஆனா நான் விரதத்துல இருக்கேன். மாலை போட்டுக்கிட்டு கக்கூஸ் கழுவ முடியுமாம்மா? மலைக்குப் போயிட்டு வந்து பாக்கலாம்."

படத்தை உரிக்கச் சொன்னபோதும் இதையேதான் சொன்னார். அன்றைக்கு நான் பேசாமல் வெந்நீர் போட்டேன்.

"வாசப்படி தாண்டிட்டா நீங்க சாமி கெடையாது, சார்னுதான சொன்னீக."

வேலுச்சாமி அண்ணன் ஒரு ஃபைலை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அது தலைகீழாக இருந்தது. நான் இவ்வளவு பேசியிருக்கக் கூடாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெருமுனையில் வேன் ஆரன் அடிப்பது காதில் கேட்பது போலவே இருந்தது.

சார் எழுந்தார். மாலையை எடுத்துச் சட்டைக்குள் போட்டு, மேல் பித்தானைப் பூட்டினார். பேண்டை முழங்கால்வரை மடித்தார்.

"பக்கெட் எங்க?"

பூட்டில் தேங்காய் எண்ணெய் விட்டு, மூன்று பேரும் மாறி மாறித் திருகி, திறந்தோம். உள்ளே பீங்கான் வெள்ளை வெளேரென்று, கம்பெனி ஸ்டிக்கர்கூட உரியாமல் இருந்தது. கதவில் வெட்டிய ரிப்பனின் பாதி தொங்கியது. குழாயைத் திருகினால் கொஞ்ச நேரம் காற்று, பிறகு துருத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர்.

வேலுச்சாமி அண்ணன் தன் ரப்பர் செருப்பைக் கழற்றி சார் முன்னால் வைத்தார். "போட்டுக்கிருங்க சார். வழுக்கும்."

"வேணாம். மலைக்குப் போற வரைக்கும் செருப்பு கிடையாது" என்றார் சார். வெறுங்காலோடு உள்ளே போனார். "சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தலை முழுகறது என் பாடு. இது ஆபீஸ் பாடு."

அரசாங்கமும் சாமியும் வேறு வேறு என்பதை எத்தனையோ பேர் மைக்கில் பேசிக் கேட்டிருக்கிறேன். எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான், கதவுக்கு வெளியே நின்று தேங்காய் நார் தேய்க்கிற சத்தத்தைக் கேட்டபோது.

முதலில் உள்ளே போனது ரோஸ்லின் டீச்சர். பட்டா விஷயமாக மறுபடியும் வந்திருந்தார். வெளியே வந்து, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே, "எத்தன வருசத்துக்கு அப்புறம் இந்த ஆபீசுல எனக்கு ஒரு காரியம் நடந்திருக்கு" என்றார்.

சார் அன்றைக்கே அறிக்கை எழுதினார். கை ஈரத்தில் கையெழுத்து கொஞ்சம் பரவியது. "பணியாளர் சுவரையும் வளாகத்தையும் நன்கு பராமரிக்கிறார், கருத்து சொல்லும் பழக்கம் உண்டு" என்று எழுதியிருந்தார். பின்பாதி எனக்குச் சாதகமா பாதகமா என்று வேலுச்சாமி அண்ணனிடம் கேட்டேன். படிக்கிற ஆபீசரைப் பொறுத்தது என்றார்.

பதில் இன்னும் வரவில்லை. சுவர் காய்ந்து கிடக்கிறது. வேன் காலையில் வருகிறது, ஆரன் அடிக்கிறது, நான் இல்லாமல் போகிறது. கழுவ ஆள் போடச் சொல்லி எழுதிய ஃபைலும் மேலே போயிருக்கிறது. திங்கள் சார், செவ்வாய் வேலுச்சாமி அண்ணன், புதன் நான். பிறகு மறுபடியும் சார்.

புதன்கிழமைகளில் மட்டும், அம்மா போட்டோவுக்கு விளக்கு ஏற்றும்போது நான் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. வியாழக்கிழமை பார்ப்பேன். அப்போதும் முறைத்துக்கொண்டுதான் இருப்பாள். அது ஆதார் கார்டுக்கு எடுத்த படம், அதில் எல்லாருமே அப்படித்தான் இருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டு, தீக்குச்சியை ஊதி அணைத்துவிட்டு, வேலைக்குக் கிளம்பிவிடுகிறேன்.